மின்சாரக் கார்: முதலில் மீட்டர் பெட்டியைப் பாருங்கள்!

(மூன்றாமாண்டு, மின்னியல் துறை)



"தம்பி, நீ டிப்ளமோ படிக்கிறியே... கரண்ட் கார் எது நல்லா இருக்கும்?" என்று கேட்காத சொந்தக்காரர் நம்மில் யாருக்காவது உண்டா? வீட்டில் ஃபேன் சுற்றாவிட்டாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு லட்ச ரூபாய் கார் என்றாலும் நம்மைத்தான் கேட்பார்கள். ஃபேன் விஷயத்தில் தப்பாகச் சொன்னால் ஒரு கண்டன்சர் போகும். கார் விஷயத்தில் தப்பாகச் சொன்னால் ஒரு குடும்பமே ஏழு வருஷம் வட்டி கட்டும்!

மின்சாரக் கார் இன்று அதிசயம் இல்லை. 2020 ஜனவரியில் நெக்ஸான் வந்தது. 2022-ல் டியாகோ, 2024-ல் பஞ்ச், விண்ட்சர் என்று நடுத்தரக் குடும்பம் எட்டிப் பார்க்கிற விலையில் வரிசையாக வந்துவிட்டன. 2025 ஆகஸ்டில் நம்ம தூத்துக்குடியிலேயே மின்சாரக் கார் தொழிற்சாலை திறந்தாச்சு. ஆகவே "வாங்கலாமா?" என்ற கேள்வி பழசு. "யார் வாங்கலாம்?" என்பதே என் கேள்வி.

எல்லோரும் முதலில் கேட்பது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்?" நான் சொல்வேன், அது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, "ராத்திரி வண்டி எங்கே நிக்கும்? அங்கே ப்ளக் இருக்கா?"

வாருங்கள், நாம் படித்த கணக்கையே போட்டுப் பார்ப்போம். 15 ஆம்பியர் ப்ளக்கில் 230 வோல்ட். பெருக்கினால் 3,450 வாட். மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். ஒரு நாள் 40 கி.மீ. ஓட்டத்துக்கு 6, 7 யூனிட் போதும். சாப்பிட்டுப் படுத்தால் நடுச்சாமத்துக்குள் சார்ஜ் முடிந்துவிடும். ஆனால் மீட்டர் போர்டிலிருந்து தனி ஒயர், தனி எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., சரியான எர்த்திங், இந்த நான்கும் கட்டாயம். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து சார்ஜ் போடுவதை மின்னியல் மாணவன் யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

அடுத்து பணக் கணக்கு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 15 கி.மீ. என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 70 காசு. மின்சாரக் கார், சார்ஜ் ஏறும்போது ஆகும் நஷ்டத்தையும் சேர்த்து, யூனிட்டுக்கு 6 கி.மீ. ஓடுவதாக வைப்போம். வீட்டு மின்சாரம் யூனிட் 10 ரூபாய் என்றால் 1 ரூபாய் 70 காசு. மிச்சம் 5 ரூபாய். பெட்ரோல் காரைவிட 3 லட்சம் அதிகம் கொடுத்தால், அதை மீட்க 60,000 கி.மீ. ஓட்ட வேண்டும்.

தினம் 40 கி.மீ. வேலைக்குப் போகிறவருக்கு வருஷத்தில் 300 நாள் என்றால் ஐந்தே வருஷம். நல்ல வியாபாரம்! தினம் 10 கி.மீ. மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போகிறவருக்கோ... இருபது வருஷம்! வீட்டில் ப்ளக் இல்லாமல் வெளியே யூனிட் 25 ரூபாய்க்கு சார்ஜ் போட்டால் மிச்சம் பாதியாகிவிடும், 40 கி.மீ. ஓடுகிறவருக்கே பத்து வருஷம் ஆகும். மேலும் 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி.யை 18 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். மின்சாரக் காருக்கு 2019 முதல் 5 சதவீதம்தான் என்றாலும், விலை வித்தியாசத்தை இன்றைய விலையில் புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தக் கடைசிக் கேள்வி. 45 யூனிட் பேட்டரி உள்ள நெக்ஸானுக்குச் சான்றிதழில் 489 கி.மீ.; கம்பெனியே நடைமுறையில் 350 சொச்சம் என்றுதான் சொல்கிறது. சான்றிதழ் சோதனை ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மேல் நடப்பது. அங்கே மதுரை வெயிலும் இல்லை, பின்சீட்டில் பாட்டியும் மூன்று மூட்டையும் இல்லை!

"ஊருக்குப் போறப்ப நடுவழியில நின்னுட்டா?" என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் வருஷத்தில் இரண்டு தடவை திருச்செந்தூர் போவதற்காக, மீதி நாளெல்லாம் பெரிய பேட்டரியைச் சுமந்துகொண்டு, அதற்கு வட்டியும் கட்ட வேண்டுமா? வழியில் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்பலாம். அதுவும் சிரமம் என்றால் ரயில் இருக்கிறது. தினசரி ஓட்டத்தைப் போல மூன்று மடங்கு நடைமுறைத் தூரம் போதும் என்பது என் கருத்து. விரலுக்குத் தகுந்த வீக்கம்!

இன்னும் ஒன்று. பேட்டரிக்குப் பரவலாக 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகிறார்கள். கார்க் கடன் அதற்கு முன்னால் முடிந்தாக வேண்டும். வாரண்டி போன வண்டிக்குத் தவணை கட்டுவதைப் போன்ற கொடுமை வேறில்லை.

நண்பர்களே! சொந்தவீடு, தனி ப்ளக், தினம் 30, 40 கி.மீ. ஓட்டம், இந்த மூன்றும் இருக்கிற குடும்பத்திடம் தைரியமாக "வாங்குங்க" என்று சொல்வோம். வாடகை வீட்டில், தெருவோரம் வண்டி நிறுத்துகிறவரிடம் "இப்ப வேண்டாம் மாமா" என்றும் அதே தைரியத்தோடு சொல்வோம். நாளை டி.எம்.இ., டி.இ.இ.இ. என்று பெயருக்குப் பின்னால் போடப் போகிறோம். விற்பனைக்காரர் வண்டியின் நிறத்தைக் காட்டுவார். நாம் கணக்கைக் காட்டுவோம். படித்த படிப்புக்கு அதுதான் மரியாதை!