இதயப்புழு மாத்திரை எட்டும் விலைக்கு வரட்டும்

கால்நடை மருந்துகளைப் பொதுப்பெயரில் மலிவாக விற்பதற்கான ‘பசு ஔஷதி’ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் அளித்து, ரூ.75 கோடியும் ஒதுக்கியது. மாடும் ஆடும் வளர்ப்போரை மனத்தில் வைத்து வந்த திட்டம் அது, வரவேற்கத்தக்கது. அந்த மருந்துப் பட்டியலில் நாய்க்கான ஒரு மருந்துக்கும் இடம் வேண்டும் என்று கேட்கிறோம். மாதம் ஒருமுறை கொடுக்கும் இதயப்புழுத் தடுப்பு மாத்திரைதான் அது. அதைத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனையையும் அரசு கால்நடை மருத்துவமனைகள் கட்டணமின்றிச் செய்து தர வேண்டும்.

இதயப்புழு கொசுவால் வருவது. நோயுள்ள நாயின் ரத்தத்தோடு நுண்புழுக்களையும் கொசு உறிஞ்சிக்கொள்கிறது. நம் ஊர் வெப்பத்தில் இரண்டு வாரங்களுக்குள் அவை கொசுவின் உடலிலேயே வளர்ந்து, அடுத்த நாயைக் கடிக்கும்போது தோலுக்குள் இறங்கிவிடும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் நுரையீரலுக்குச் செல்லும் ரத்தக்குழாய்களிலும் இதயத்தின் வலப்பக்கத்திலும் முதிர்ந்த புழுக்கள் குடியேறுகின்றன. பெண்புழு ஓர் அடி நீளம்வரை வளரும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் உயிரோடு இருக்கும். முதலில் வெளியே எதுவும் தெரியாது. பிறகு இருமல், கொஞ்சம் ஓடினாலே மூச்சிரைப்பு, உடல் மெலிவு. முற்றிய நிலையில் வயிற்றில் நீர் கோத்து, இதயம் செயலிழந்து நாய் இறக்கிறது. வீட்டுக்காரர்கள் ‘வயசாயிடுச்சு’ என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வந்தபின் சிகிச்சை எளிதன்று. முதிர்ந்த புழுவைக் கொல்லும் மெலார்சோமின் ஆர்சனிக் கலந்த ஊசி மருந்து. இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்துப் போட்டாலும் செத்த புழுவின் துணுக்குகள் நுரையீரல் குழாய்களை அடைக்கக்கூடும் என்பதால் நாயை மாதக்கணக்கில் ஓடவிடாமல் கட்டிக் காக்க வேண்டும். அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு ஆயிரம் டாலருக்கு மேல் செலவாவது சாதாரணம். வராமல் தடுப்பதற்கோ மாதம் ஒரு மாத்திரை போதும்.

அந்த மாத்திரை ஏன் எட்டாத விலையில் இருக்கிறது என்பதுதான் நம் கேள்வி. மருந்தின் பெயர் ஐவர்மெக்டின்; கொரோனா காலத்தில் தமிழ்நாட்டுக்கே பழக்கமான பெயர். ஜப்பானில் சதோஷி ஓமுரா சேகரித்த மண்ணிலிருந்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து இது. அதற்காக அவரும் வில்லியம் கேம்பலும் 2015-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நாய்களின் இதயப்புழுத் தடுப்புக்கு அமெரிக்கா இதை அனுமதித்தது 1987-இல். காப்புரிமை முடிந்து நெடுங்காலமாகிறது. இந்திய நிறுவனங்களே இதைத் தயாரிக்கின்றன. நாய்க்கு வேண்டிய அளவு, எடையில் கிலோவுக்கு வெறும் 6 மைக்ரோகிராம். பத்து கிலோ நாய்க்கு மாதம் 60 மைக்ரோகிராம். மனிதர்களுக்கான 12 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் அப்படிப்பட்ட 200 வேளைக்கான மருந்து இருக்கிறது. ஆக, விலை மருந்தில் இல்லை. நாய்க்கேற்ற சிறிய அளவில், மலிவாக, கால்நடை மருந்தகத்தில் கிடைக்கும்படி அதைச் செய்துதர யாரும் முன்வராததில் இருக்கிறது. இப்போது தனியார் கிளினிக்குகளில் கிடைப்பவை பெரும்பாலும் உண்ணி மருந்தையும் சேர்த்து ஒரே மாத்திரையாக்கிய பெருநிறுவனத் தயாரிப்புகள். ஒரு மாத்திரைக்கே நூற்றுக்கணக்கான ரூபாய். தினக்கூலி வாங்கும் குடும்பமோ, தெருவில் பத்து நாய்களுக்குச் சோறு வைக்கும் பெண்ணோ மாதாமாதம் அதை வாங்க முடியாது.

விலை எட்டாதபோது மக்கள் குறுக்குவழி தேடுகிறார்கள். இது எல்லா நாட்டிலும் நடக்கிறது. மாட்டுக்குப் போடும் ஒரு சதவீத ஐவர்மெக்டின் ஊசி மருந்தை வாங்கி, நாய்க்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த மருந்தின் ஒரு மில்லிலிட்டரில் பத்து கிலோ எடையுள்ள 160 நாய்களுக்கு மேல் போதுமான மருந்து உண்டு. ஒரு நாய்க்கான அளவு 0.006 மில்லிலிட்டர். அதை எந்த சிரிஞ்சிலும் அளக்க முடியாது. அளவு மீறினால் நடுக்கம், பார்வையிழப்பு, கோமா, மரணம். கோலி போன்ற இனங்களில் மரபணுக் குறைபாட்டால் இந்த மருந்து மூளைக்குள் புகுந்துவிடுவதால் ஆபத்து இன்னும் பெரிது. தடுப்பு அளவில் அவற்றுக்கும் பாதுகாப்பான மருந்து, மாட்டின் அளவில் விஷமாகிறது. மனித மாத்திரையை இருநூறு துண்டாக உடைக்கவும் முடியாது. வாசகர்கள் இந்த முயற்சியில் இறங்க வேண்டாம்.

பரிசோதனையை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம்? ரத்தத்தில் நுண்புழுக்கள் நிறைந்திருக்கும் நாய்க்குத் தடுப்பு மருந்து கொடுத்தால் அவை ஒரேயடியாகச் செத்து நாயை அதிர்ச்சிக்கு உள்ளாக்கக்கூடும். முதிர்ந்த புழுக்களை இந்த மருந்து உடனே கொல்வதும் இல்லை. ஆகவே ஆறேழு மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு முதலில் பரிசோதனை, பிறகே மாத்திரை. அதன்பின் ஆண்டுக்கொருமுறை மீண்டும் பரிசோதனை. பெண்புழுவின் ஆன்டிஜெனைக் காட்டும் கிட், சில துளி ரத்தத்தில் நிமிடங்களில் விடை சொல்லும். கிட் இல்லாத இடத்தில், ரத்தத்தில் நுண்புழுவைத் தேடும் நாட் முறை இருக்கிறது: ஒரு மில்லி ரத்தம், ஒன்பது மில்லி நீர்த்த ஃபார்மலின், ஒரு சென்ட்ரிஃபியூஜ், கொஞ்சம் மெத்திலீன் நீலம், ஒரு நுண்ணோக்கி. நம் மாவட்டங்களில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுகளுக்கு இது பெரிய வேலை அன்று. சில நாய்களில் முதிர்ந்த புழு இருந்தும் ரத்தத்தில் நுண்புழு தென்படாது. எனவே நாட் முறை கிட்டுக்கு முழு மாற்றாகாது. ஆனால் ஒன்றுமே செய்யாததைவிட எவ்வளவோ மேல். கண்ணில் படும் நுண்புழு எல்லாமே இதயப்புழுவினுடையது என்றும் முடிவுகட்டக் கூடாது. தெள்ளுப்பூச்சியால் பரவும் தீங்கற்ற இனமும் உண்டு. எது எது என்று பிரித்துச் சொல்லப் பயிற்சி வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த நோய் அவ்வளவு இருக்கிறதா, வெறிநாய்க்கடியால் மனிதர்கள் சாகும்போது இது அவசரமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வெறிநோய்த் தடுப்புக்குத்தான் முதலிடம். அதன் பணத்தில் ஒரு ரூபாயையும் நாம் கேட்கவில்லை. ஆனால் அசாமிலும் மிசோரமிலும் இதயப்புழு பதிவாகியிருக்கிறது. அதன் நெருங்கிய இனமான, நாயின் தோலடியில் வாழும் புழு கேரளத்திலும் இலங்கையிலும் மனிதர்களின் கண்ணிலிருந்தும் தோலடியிலிருந்தும் பலமுறை எடுக்கப்பட்டிருக்கிறது. நாயைத் தொடுவதால் அது மனிதருக்கு வராது, கொசு கடித்தால்தான் வரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தெருநாய் மீதான வெறுப்புக்கு இன்னொரு காரணம் தேவையில்லை. 2005-இல் கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்காவின் வளைகுடாக் கரையிலிருந்து மீட்கப்பட்ட நாய்களோடு இதயப்புழுவும் பிற மாநிலங்களுக்குச் சென்றது. இன்று நாய்க்குட்டிகள் மாநிலம் விட்டு மாநிலம் விற்கப்படுகின்றன. ஆண்டு முழுவதும் கொசு உள்ள சென்னைக்கும் வருகின்றன. மாவட்டவாரிக் கணக்கு இருந்தால் கால்நடைப் பராமரிப்புத் துறை வெளியிடட்டும், இல்லையென்றால் எடுக்கட்டும்.

கணக்கெடுக்கப் புதிய ஏற்பாடும் வேண்டாம். பிடிக்கப்படும் தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும் செய்து அதே இடத்தில் விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று உத்தரவிட்டது. இந்த நாய்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் குடற்புழு மருந்து ரத்தத்தில் உள்ள புழுவைத் தொடாது. ஆனால் நாய் இனக்கட்டுப்பாட்டு மையத்தில் நாய் மயக்கத்தில் கிடக்கும் அந்த நேரத்தில் ஒரு மில்லி ரத்தம் எடுப்பது எளிது. வளர்ப்பு நாய்களுக்குச் சென்னை மாநகராட்சி உரிமத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உரிமத்துக்காகத் தடுப்பூசி போட வரும் நாய்க்கும் அப்போதே பரிசோதனை செய்யலாம். முடிவுகளைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தொகுத்தால் ஓராண்டில் நோயின் வரைபடம் கிடைத்துவிடும்.

யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கெதிராக வீடு வீடாக மாத்திரை கொடுத்த அனுபவம் நம் மாநிலத்துக்கு இருக்கிறது. ஆனால் எல்லா நாய்களுக்கும் அப்படி அள்ளிக் கொடுக்கச் சொல்லவில்லை. மருந்துக்கு அடங்காத இதயப்புழு மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஏற்கெனவே உறுதியாகியிருக்கிறது. பரிசோதித்து, எடை பார்த்து, மருத்துவர் சீட்டில் கொடுக்க வேண்டும். அதற்கு 60, 120, 180 மைக்ரோகிராம் அளவுகளில் மாத்திரை செய்ய இந்திய நிறுவனங்களிடம் ஒப்பந்தப்புள்ளி கோரினால் போதும். மத்திய அரசு ‘பசு ஔஷதி’ பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டும். அதுவரை காத்திராமல் மாநில அரசு தானே கொள்முதல் செய்து கால்நடை மருந்தகங்களுக்கு அனுப்ப வேண்டும். நாய் வளர்ப்பவர்கள் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது இதயப்புழுப் பரிசோதனையைக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்கள்.