மாடியில் டெலஸ்கோப் வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

"நாஸா இருக்கும்போது வீட்டு மாடியில் டூம் கட்டி, டெலஸ்கோப் வைத்து என்னத்தைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? காசுக்குப் பிடித்த கேடு!" அமெச்சூர் வானியல் என்றாலே இப்படி ஆரம்பிக்கிற மகானுபாவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் ஒரு பூட்டுக்காரரைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெயர் விக்டர் புசோ. அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரத்துக்காரர் (ஆமாம், மெஸ்ஸி பிறந்த அதே ஊர்தான்). பூட்டு, சாவி வேலைதான் தொழில். வீட்டு மாடியில் 40 செ.மீ. டெலஸ்கோப். 2016 செப்டம்பர் 20 இரவு, புதுக் கேமரா ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, என்ஜிசி 613 என்ற கேலக்ஸியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். நகரத்து வெளிச்சம் படத்தைக் கெடுக்குமே என்று ஒவ்வொரு படமும் 20 விநாடிதான். முதலில் எடுத்த படங்களில் இல்லாத ஒரு புள்ளி, கொஞ்ச நேரம் கழித்து எடுத்தவற்றில் இருந்தது. போகப் போகப் பிரகாசமும் கூடியது!

அது சூப்பர்நோவா. சுமார் 8 கோடி ஒளியாண்டு தூரத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்து, உள்ளிருந்து கிளம்பிய அதிர்வலை மேற்பரப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்த நேரம். வானியலாளர்கள் வருடக்கணக்கில் தேடிய காட்சி. 2018-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வுக்கட்டுரையில் பேராசிரியர்களோடு பூட்டுக்காரர் பெயரும் இருக்கிறது.

"அட, குருட்டு அதிர்ஷ்டம்" என்பார்கள். ஒரு கோடியில் ஒன்று என்று ஆய்வாளர்களே சொன்னார்கள்தான். ஆனால் பெரிய டெலஸ்கோப்பில் ஓர் இரவு கிடைக்க விண்ணப்பம் போட்டு, கமிட்டி சம்மதிக்க வேண்டும். "ஏதாவது வெடிக்குதா என்று சும்மா பார்க்கணும்" என்றால் எந்தக் கமிட்டி கொடுக்கும்? சிலியிலுள்ள ரூபின் ஆய்வகம் (முதல் படங்கள் 2025-ல் வந்தன) தெற்கு வானத்தையே அலசப் போகிறது என்பதும் சரி. அது ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தால் திரும்பி வரச் சில இரவுகள் ஆகும். புசோ பிடித்தது ஓரிரு மணி நேர சமாச்சாரம்.

இனி காசு. கல்யாண ரிசப்ஷனில் ஒரே சாயங்காலம் லட்சங்கள் கரைகின்றன, எந்தக் கணக்கில் எழுதுவது என்று யாரும் கேட்பதில்லை. சொந்தச் சம்பாத்தியத்தில் ஒருத்தர் டெலஸ்கோப் வாங்கினால் மட்டும் எல்லோரும் ஆடிட்டர் ஆகிவிடுகிறார்கள். ரிட்டர்ன் என்னவாம்! பெரும்பாலான ராத்திரிகளில் பூஜ்யம்தான். மேகம், கொசு, மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு வேலை. அது தெரிந்துதான் மாடி ஏறுகிறார்கள்.

ஒன்று மட்டும். அமெரிக்காவின் லிக், கெக் டெலஸ்கோப்புகளும் அந்த நட்சத்திரத்தைப் பார்த்தன. பூட்டுக்காரர் பார்த்த பிறகு.