எண்ணிக்கை போதும், பெயர் வேண்டாம்



இன்று சண்டிலிப்பாய் போன்ற கிராமத்திலும் ரியூசன் நிலையம், தையற்கடை, சனசமூக நிலையம் என்று பலரும் பேஸ்புக் பக்கம் வைத்திருக்கிறார்கள். போட்ட அறிவித்தல் பயன் தந்ததா என்று அறிய விரும்புவதில் தவறில்லை. அதற்காக யார் யார் பார்த்தார்கள் என்று துருவ வேண்டுமா என்பதே கேள்வி.

பக்கம் நடத்துபவருக்கு பேஸ்புக் நிறுவனமே கணக்குக் காட்டுகிறது. பதிவைப் பார்த்த ஆட்களின் தொகை ஒன்று; பார்க்கப்பட்ட தடவைகள் இன்னொன்று. ஒருவரே மூன்று முறை பார்த்தால் ஆள் 1, தடவை 3. உதாரணமாக, 300 பேர் பார்த்து 24 பேர் பகிர்ந்தோ விசாரித்தோ இருந்தால் அது நூற்றுக்கு 8. அடுத்த மாத அறிவித்தலை இந்த எட்டுடன் ஒப்பிடலாம். இதற்கு எவருடைய பெயரும் தேவையில்லை.

வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அப்படியல்ல. பார்த்தவர்களின் பெயர்களே வரிசையாகத் தெரியும். கடனில் சிக்கியவர்களுக்கு ஆலோசனை தரும் அறிவித்தலை ஒரு பெண் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயர் வெளியே போனால் என்னவாகும்? கிராமத்தில் ஒரு வாய் போதும். மறுமுறை அவள் உதவி தேடவே அஞ்சுவாள். அந்தப் பட்டியல் நம் கையில் உள்ள அமானிதம். அதைப் படம் பிடித்து வேறு குழுக்களில் போடுவது மோசடியே. எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் இல்லாவிட்டாலும் சிறிய எண்ணிக்கை ஆளைக் காட்டிக்கொடுக்கும். 'எங்கள் ஊரில் இன்ன வயதுப் பெண்கள் 2 பேர் பார்த்தனர்' என்றால் ஊரார் விரல் நீட்டிவிடுவார்கள். இத்தகைய தொகைகளைப் பிரித்துக் காட்டாமல் மொத்தமாகவே சொல்ல வேண்டும்.

இது வீண் அச்சமல்ல. ஓர் ஆளுமைச் சோதனைச் செயலி வழியாக, அதில் சேராத நண்பர்களின் விபரங்களும் உட்பட 8 கோடி 70 லட்சம் பேர் வரையிலானோரின் தகவல்கள் கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா நிறுவனத்திடம் போயிருக்கலாம் என்று 2018-இல் பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஜூன் 5-இல் ஐரோப்பிய நீதிமன்றம், ஜெர்மனியக் கல்வி நிறுவனமொன்றின் பேஸ்புக் பக்கம் பற்றிய வழக்கில், வருகையாளர் தகவலுக்குப் பேஸ்புக்குடன் பக்கம் நடத்துபவரும் கூட்டாகப் பொறுப்பு என்று தீர்த்தது. நமது நாட்டிலும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சொன்ன தேவைக்கு மட்டும், தேவையான அளவு மட்டும் தகவல் திரட்ட வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று.

அப்படியானால் எப்படி அளப்பது? வருபவரிடம் 'எங்கே அறிந்தீர்கள்?' என்று கேட்டு, கொப்பியில் ஒரு கோடு மட்டும் போடுங்கள். ஆலோசனை தேடுவோரைப் பதிவின் கீழே எழுதச் சொல்லாமல் தொலைபேசியில் அழைக்கச் சொல்லுங்கள். மாத முடிவில் கோடுகளை எண்ணுங்கள். விருப்பக்குறிகள் நூறு விழுந்தும் ஒருவர்கூட வரவில்லையென்றால் அறிவித்தலைத் திருத்துங்கள். குறி குறைந்தும் நாலு பேர் உதவி பெற்றுப் போனால், அதுவே நல்ல அறிவித்தல்.