பட்டறை வேலை மட்டமா?

"படிக்கலேன்னா மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் போவே!" இந்தத் திட்டை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். என் கருத்து வேறு.

விடுமுறையில் மாமா பட்டறையில், துருப்பிடித்த சைலன்சர் ஸ்டட்டை முரட்டுத்தனமாகத் திருகி உடைத்துவிட்டேன். விடிந்தால் பால் ஊற்றப் போகும் அண்ணனோட வண்டி அது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமா திட்டவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைத்தார். ஸ்டட்டின் நட்டநடுவில் துளை போட்டு, இடது மரை உள்ள ‘ஈஸி அவுட்’டை இடப்பக்கமாகத் திருகினார். திருகத் திருக அது இறுக்கிப் பிடித்தது. ஸ்டட் கழன்று வந்தது!

"இது உள்ளே உடைஞ்சா சாதா டிரில்கூட ஏறாது மாப்ளே. பொறுமைதான் முக்கியம்" என்றார்.

அறிவும் பொறுமையும் கேட்கிற வேலை எப்படி மட்டமாகும்? நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே, இனி அப்படித் திட்டாதீங்க!

- 9-ஆம் வகுப்பு மாணவன்