ஏலமலை ஏலப்பொருளா?

நிலம் கைமாறும் பண்டமன்று, குடியின் வேர். வேரை விற்றுக் கிளையை வளர்த்தவர் உலகில் இலர். போடிநாயக்கனூருக்கு மேலே எழும் மலைகளில் இன்று நடப்பதோ அவ்வேர் விற்பனையே! பாட்டன் திருத்திய தோட்டம், தந்தை நிழல்மரம் வளர்த்த தோட்டம், பெயரன் காலத்தில் மனைகளாகத் துண்டாடப்படுகின்றது. வாங்குவோன் ஏலம் பயிரிட வருவதில்லை. சுற்றுலா விடுதி எழுப்ப வருகின்றான்.

ஏலம் வெட்டவெளிப் பயிரன்று. ஓங்கிய மரங்களின் நிழலும், இலைமட்கும், ஈரக்காற்றும் இருந்தாலன்றி அது வாழாது. ஒரு தோட்டத்தின் மரங்களை வெட்டினால் அடுத்த தோட்டத்தின் ஈரமும் வற்றும். கீழைச் சரிவின் மழைநீரே கொட்டகுடி ஆறாகப் போடிக்கு இறங்கி வையையைச் சேர்கின்றது. எனவே, அங்கு மரத்தில் விழும் கோடரி இங்குக் கிணற்றிலும் விழுகின்றது.

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது, தமிழர் பெரும்பான்மையராய் வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்க்கப்பட்டன. திருவிதாங்கூர்க் காலத்து எல்லையே போடிமெட்டில் நிலைத்தது. போடி உழவர் பலர்க்கு வீடு இப்பால், தோட்டம் அப்பால். அத்தோட்டத்தின் நிலையோ இரங்கத்தக்கது. 1897-இல் திருவிதாங்கூர் அரசு அறிவித்த ஏலமலைக் காப்புக்காட்டின் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பது நூறாண்டு கடந்தும் வழக்காயிற்று. 2024 அக்டோபரில் உச்ச நயன்மன்றம் அங்குப் புதிய பட்டா வழங்குவதை இடைக்காலமாகத் தடுத்தது. மண் வருவாய்த்துறையின் பொறுப்பில். மரம் காட்டுத்துறையின் பொறுப்பில். உழைப்பும் கடனும் மட்டும் உழவனின் பொறுப்பில்!

விலையேனும் அவனைக் காத்ததா? 2019 ஆகசுட்டில் கிலோ 7,000 உருபாவைத் தொட்ட ஏலக்காய், 2022-இல் ஆயிரத்துக்கும் கீழே வீழ்ந்தது. 2024 கோடை வறட்சி இடுக்கி மாவட்டத்துச் செடிகளைக் கருக்கிற்று. இத்தகைய ஆண்டுகளில்தான் நிலத்தரகன் வாயிலில் வந்து நிற்கின்றான்.

'விற்பது அவனவன் உரிமை' என்பர் சிலர். கடன் கழுத்தை நெரிக்கையில் இடும் கையெழுத்து உரிமையா? 'உழவனை அகற்றினால்தான் காடு பிழைக்கும்' என்பர் வேறு சிலர். நிழல்மரத்தை மூன்று தலைமுறை காத்தவனை விரட்டிவிட்டு, விடுதிகளை விட்டுவைப்பது என்ன காடு காப்பு? ஆயினும் உழவர் சிலரும் குற்றமற்றவர் அல்லர். விளைச்சல் வேட்கையால் நிழலைக் கழித்து, நஞ்சை மிகுதியாய்த் தெளிப்பவன் தன் பெயரனின் நிலத்தையே முன்கூட்டி விற்கின்றான்.

வழி இல்லாமலில்லை. அமெரிக்காவின் வெர்மாண்டு மாநிலத்தில் 1987-இல் அமைந்த வீட்டுவசதி, காப்பு வாரியத்தின் பொதுப்பணத்தால், உழவரிடமிருந்து கட்டடம் எழுப்பும் உரிமை மட்டும் விலைக்கு வாங்கப்படுகின்றது. நிலம் உழவனிடமே இருக்கும். கைக்குப் பணமும் வரும். நிலமோ என்றும் விளைநிலமாகவே நிற்கும். தமிழக அரசும் 2020-இல் காவிரிக் கழிமுகத்தைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. நெல்வயலுக்கு இயன்ற காப்பு ஏலமலைக்கு ஏன் இயலாது?

ஆகவே, போடிச் சரிவின் வழிவழித் தோட்டங்கள் காப்பு நிலமாக அறிவிக்கப்படல் வேண்டும். கட்டட உரிமையைக் கைவிடும் உழவனுக்கு அரசு ஈடு தரல் வேண்டும். விற்றே தீரவேண்டிய தோட்டத்தை வாங்கும் முதலுரிமை உழவர் கூட்டுறவுக்கே உரியதாதல் வேண்டும். எல்லைக்கு அப்பாலுள்ள தோட்டங்களுக்காக இரு மாநில அரசுகளும் ஒருங்கே அமர்ந்து முடிவு காணல் வேண்டும். அங்கு ஏலம் பயிரிடும் மலையாள உழவர்க்கும் இதே தீங்குதான், இதே தீர்வுதான்.

ஏலக்காய் ஏலத்திற்கு வரட்டும், அது வணிகம். ஏலமலை ஏலத்திற்கு வருமாயின், அது குடிக்கேடு!