இருவர் வசூலிக்க, மூவர் பங்கிட

1930 டிசம்பர் 11 அன்று நியூயார்க்கில் ‘பேங்க் ஆஃப் யுனைடெட் ஸ்டேட்ஸ்’ கதவைச் சாத்தியது. பெயரைக் கேட்டு அரசாங்க வங்கி என்று நம்பிப் பணம் போட்டவர்கள் உண்டு. ஆனால் அது தனியார் வங்கி. ஆடை உற்பத்தியில் முன்னுக்கு வந்த ஜோசப் மார்கஸ், யூதக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், டெலான்சி தெருவில், 1913இல் அதைத் தொடங்கினார். 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தையல் தொழிலாளிகளும் சிறு கடைக்காரர்களும். வங்கியை நடத்திய அவருடைய மகன் பெர்னார்ட் மார்கஸ் பின்னர் சிறைக்குப் போனார். 78 ஆண்டுகள் கழித்து, 2008இல், அதே டிசம்பர் 11 அன்று அதே நகரில், பிறர் போட்ட பணத்தையே லாபமென்று காட்டி முதலீட்டு மோசடி செய்த பெர்னார்ட் மேடாஃப் கைதானார். இம்முறை பணத்தை இழந்தவர்களின் பட்டியலில் யூத அறக்கட்டளைகள், ஒரு பல்கலைக்கழகம், மகளிர் சங்கம், உரிமை அமைப்பு எல்லாம் இருந்தன.

பொருளாதாரம் சரியும்போது ஒரு சமூக அமைப்புக்கு அடி இருபுறமும் விழுகிறது. நேற்றுவரை நன்கொடை கொடுத்தவர் இன்று உதவி கேட்டு வருகிறார். வாங்குவோர் வரிசை நீள, கொடுப்போர் வரிசை குறுகுகிறது. அப்போது எல்லோர் கண்ணும் ஒரு பெரிய கொடையாளரை, ஒரு திறமையான தலைவரை, பணம் பண்ணத் தெரிந்த ஒரு கெட்டிக்காரரைத் தேடும். அமெரிக்க யூத அமைப்புகள் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். மீண்டதும் இந்தத் தேடலைக் கைவிட்ட இடங்களில்தான் என்பது என் கருத்து.

அமெரிக்க யூதர்களின் நிறுவன வாழ்க்கையே ஒரு பொறுப்போடு ஆரம்பித்தது. 1654இல் நியூ ஆம்ஸ்டர்டாமில் (இன்றைய நியூயார்க்) வந்திறங்கிய யூதர்களை ஆளுநர் ஸ்டைவசன்ட் துரத்தப் பார்த்தார். டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் மறுவருடம் அவர்களைத் தங்க அனுமதித்தார்கள், ஆனால் தங்கள் ஏழைகளைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனை காலப்போக்கில் ஒரு பெருமையாகவே மாறியது. 1892இல் நியூயார்க்கில் வட்டியில்லாக் கடன் சங்கம் வந்தது. சிதறிக் கிடந்த தர்ம அமைப்புகளுக்காக ஒரே இடத்தில் வசூலிக்கும் கூட்டமைப்பு முறை 1895இல் பாஸ்டனில் தொடங்கி, 1917இல் நியூயார்க்குக்கும் வந்தது.

1930களின் பெருமந்தம் அந்தப் பெருமையை உலுக்கிவிட்டது. வசூல் விழுந்தது. கட்டடக் கடனைக் கட்ட முடியாமல் ஜெபாலயங்கள் தவித்தன. ஹீப்ரு பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நின்றது. அரசிடம் கையேந்துவது முன்னோர் கொடுத்த வாக்கை மீறுவதாகாதா என்று சமூகத்துக்குள் வாதம் நடந்தது. ஐசக் ரூபினோ போன்றவர்கள் அதற்கு வெளிப்படையாகப் பதில் சொன்னார்கள். லட்சக்கணக்கானவர்களின் வேலையின்மையை எந்தச் சமூகத்தின் தர்மப் பணத்தாலும் தாங்க முடியாது, அது அரசின் கடமை என்பது அவர்கள் வாதம். ரூபினோ மருத்துவர், சமூகக் காப்பீட்டு அறிஞர், யூத அமைப்புகளில் பொறுப்பு வகித்தவர். 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிவாரணத்தின் பெருஞ்சுமை அரசிடம் போக, அரசு செய்யாததைச் சமூக அமைப்புகள் எடுத்துக்கொண்டன. வேலை தேடித் தருவது அதில் ஒன்று. யூதர் என்றால் வேலை மறுக்கப்பட்ட காலம் அது. அதற்காகவே 1934இல் நியூயார்க் கூட்டமைப்பின் வேலைவாய்ப்பு நிலையம் பிறந்தது. அதன் முடிவைப் பிறகு சொல்கிறேன்.

மேடாஃப் விவகாரத்தில் என்னை உறுத்துவது இழந்த தொகையைவிட, இழந்த விதம். யெஷிவா பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுவில் மேடாஃப்தான் பொருளாளர். முதலீட்டுக் குழுவின் தலைவராக இருந்த இன்னொரு அறங்காவலர் நடத்திய நிதியத்தின் வழியாகப் பல்கலைக்கழகத்தின் பணம் மேடாஃபிடம் போய்ச் சேர்ந்தது. ஏட்டில் 11 கோடி டாலர் போயிற்று. உண்மையில் போட்ட முதல் அதில் ஏறக்குறைய 1.45 கோடிதான், மீதியெல்லாம் இல்லாத லாபம். ஹடாசா என்ற மகளிர் அமைப்பின் கதை இன்னும் விசித்திரம். 4 கோடி டாலர் போட்டு, காலப்போக்கில் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் எடுத்திருந்தார்கள். அந்த லாபம் பிறர் முதலீட்டுப் பணம் என்பதால், கடைசியில் 4.5 கோடியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். 1918இல் தோன்றிய உரிமை அமைப்பான அமெரிக்க யூதக் காங்கிரஸ், வைப்பு நிதியின் பெரும்பகுதியை இழந்து 2010இல் பணிகளை நிறுத்தியது. அவர் நம்மவர், நம் ஜெபாலயத்தில் தொழுபவர், நம் தர்மங்களுக்குக் கொடுப்பவர் என்ற நம்பிக்கைதான் தணிக்கையின் இடத்தில் உட்கார்ந்திருந்தது. (ஒருவன் செய்த மோசடியை ஒரு இனத்தின் குணமாகப் பேசியவர்களும் அப்போது இருந்தார்கள். அதிகம் ஏமாற்றப்பட்டவர்களில் யூத அமைப்புகளும் இருந்ததை அவர்கள் வசதியாக மறந்தார்கள்.)

இதைத் தடுக்கும் விதி அந்தச் சமூகத்திடம் ஏறக்குறைய 1,800 ஆண்டுகளாக இருந்தது. ஊர்ப் பொது நிதியை இருவர் சேர்ந்து வசூலிக்க வேண்டும், மூவர் சேர்ந்து பங்கிட வேண்டும் என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. அதன் விரிவுரையான தால்முத் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. வசூலிக்கும் இருவரும் வழியில் பிரிந்து போகக் கூடாது. தர்மப் பணத்தில் சில்லறை மாற்ற வேண்டுமானால் வேறு யாரிடமாவது மாற்ற வேண்டும், தன் சொந்தப் பணத்தோடு மாற்றிக்கொள்ளக் கூடாது. அறங்காவலரே தன் நிறுவனத்தில் அறக்கட்டளைப் பணத்தைப் போடுவதற்கு இதைவிடத் தெளிவான தடை வேண்டுமா? அதே தால்முத், வசூலிப்பவரிடம் கணக்குக் கேட்க வேண்டாம் என்றும் சொல்வது உண்மைதான். நேர்மையான மனிதரைச் சந்தேகத்தால் அவமதிக்கக் கூடாது என்ற எண்ணம். பிற்காலச் சட்ட அறிஞர்கள் இதைத் திருத்தினார்கள்: கேட்காவிட்டாலும் அவராகவே கணக்குக் காட்டுவது நல்லது, பழி அண்டாது. பின்னதே சரி.

மற்றொரு விதியும் உண்டு. தர்மத்தை வாங்கிப் பிழைப்பவரும் தன் பங்குக்கு ஏதாவது தர்மம் செய்ய வேண்டும். முதலில் கொடுமையாகத் தோன்றும். யோசித்தால், பொதுக் காரியத்தில் பார்வையாளர் என்று யாரும் இல்லை என்பதே அதன் பொருள். மாசசூசெட்ஸின் சேலம் நகரில் இருந்த லாப்பின் அறக்கட்டளை இதற்கு நல்ல சாட்சி. ஒரே செல்வந்தரின் பணத்தில், பதின்வயதினரை இஸ்ரேலுக்குப் பயணம் அனுப்பிவந்த அமைப்பு அது. அதன் பணம் மேடாஃபிடம் இருந்ததால், அவர் கைதான கையோடு மூடப்பட்டது. சில மாதங்களில் உள்ளூர் மக்கள் பணம் திரட்டித் தர, 2009 கோடைப் பயணம் நடந்தது. ஊழியர்களின் ஓய்வூதியச் சேமிப்பும் போய்விட்டிருந்தது. ராபர்ட் லாப்பின் அதைத் தன் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்டினார். பெரிய கையும் சிறிய கைகளும் தத்தம் பங்கைச் செய்தன.

இப்போது அந்த வேலைவாய்ப்பு நிலையத்துக்கு வருகிறேன். அது வளர்ந்து எஃப்.இ.ஜி.எஸ். என்ற பெயரில் யூதர், யூதரல்லாதார் என்ற பேதமின்றி நியூயார்க்கின் ஏழைகளுக்கும் மனநலம் குன்றியோருக்கும் சேவை செய்யும் பேரமைப்பானது. ஆண்டுச் செலவு சுமார் 25 கோடி டாலர், பெரும்பாலும் அரசு ஒப்பந்தப் பணம். 2014 இறுதியில் 1.94 கோடி டாலர் நஷ்டம் வெளியே தெரிந்தது. 2015 மார்ச்சில் திவால் மனு. மந்தத்தில் பிறந்து, மந்தங்களையெல்லாம் தாண்டிய அமைப்பு, பொருளாதாரம் தேறிக்கொண்டிருந்த காலத்தில் செத்தது. செய்யும் சேவையின் முழுச் செலவை அரசு ஒப்பந்தங்கள் தருவதில்லை. அந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டி உரக்கக் கேட்டிருக்க வேண்டியது நிர்வாகக் குழு. ரூபினோ கேட்டதில் பாதி நிறைவேறியது, மறுபாதியைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. எஃப்.இ.ஜி.எஸ். மரணத்தில் அரசுக்கும் பங்கு உண்டு, குழுவுக்கும் உண்டு.

2020இல் கொரோனா வந்தபோது பழைய பாடத்தின் பலன் ஓரளவு தெரிந்தது. பெரிய அறக்கட்டளைகள் தனித்தனியே வாரி வழங்காமல், வட அமெரிக்க யூதக் கூட்டமைப்புகளோடு ஒன்றுசேர்ந்து பொது நிதி ஒன்றை அமைத்தன. 8 கோடி டாலருக்கு மேல் திரண்ட அந்த நிதியிலிருந்து முகாம்கள், பள்ளிகள், சமூக நிலையங்கள் போன்றவை மானியமும் வட்டியில்லாக் கடனும் பெற்றன. 1892இன் கடன் சங்கம் கையாண்ட அதே வழி. ஒருவனைச் சொந்தக் காலில் நிற்கவைக்கும் கடனோ வேலையோ கூட்டுத்தொழிலோதான் தர்மத்தின் உச்சப்படி என்று யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் 12ஆம் நூற்றாண்டில் எழுதியது அமைப்புகளுக்கும் பொருந்திற்று.

ஆகவே, பொறுப்பிலிருப்போர் நல்ல காலத்திலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பதை உறுப்பினர்களுக்கு ஒளிக்காமல் சொல்லுங்கள். பணத்தை முதலீடு செய்பவரும் அதைக் கண்காணிப்பவரும் ஒருவராக இருக்க விடாதீர்கள். ஒரே வேலையைச் செய்யும் இரு அமைப்புகள் கௌரவம் பாராமல் இணையலாம். சம்பளத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் மேலிருந்து தொடங்குங்கள். கொடுப்பவருக்கும் ஒரு வார்த்தை: எந்தச் சமூகத்தின் எந்த அமைப்பாக இருந்தாலும், அடுத்த நன்கொடையைத் தருமுன் போன வருடத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். அதைக் கேட்பதால் யாருக்கும் அவமானமில்லை.