புறக்கடையில் ஒரு கோழிக்கூடு



பென்னாகரம் பக்கத்துச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவர் பெங்களூரில் கூலி வேலை. முட்டை விற்றுப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவையாவது பார்த்துக்கொள்ளலாம் என்று நாட்டுக்கோழி வளர்க்க விரும்புகிறார். கூடு கட்டத்தான் பணமில்லை.

வழி சொல்லுமுன் என் தவறொன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு நானும் கூடு கட்டினேன். கீரிக்கு அஞ்சி, சந்து பொந்தின்றி நாற்புறமும் பலகை அடித்து, மேலே தகரம் போட்டேன். சித்திரையில் ஒருநாள் அரூரில் ஒரு நிக்காஹுக்காக விடியுமுன் குடும்பத்தோடு புறப்பட்டோம். கோழிகளைத் திறந்துவிட மறந்து போயிற்று. அஸருக்குத் திரும்பியபோது ஐந்தில் மூன்று செத்துக் கிடந்தன. பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே இரைதேடவும் விடாமல் சாகடித்ததால் நரகம் புகுந்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. ஆண்டுதோறும் அதனை மாணவர்க்கு ஓதிக் கொடுப்பவன் நான். அன்றிரவு கிதாபைத் தொடவே கை கூசியது.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்றில்லாத தகரக் கூண்டு அதற்கு அடுப்பு. ஆகவே சகோதரியே, வேம்போ புளியோ நிழல் தரும் இடமாகப் பாருங்கள். கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். வலையடித்த பக்கங்களில் வெயில் நேரே விழாது. பகலில் மேய்ந்து இரவில் மட்டும் அடையும் பத்துக் கோழிக்கு நான்கடி நீளம், மூன்றடி அகலம் போதும்.

நம் தருமபுரி மாவட்டத்துக் காடு கழனிகளில் வேலிக்கு நட்ட கல்தூண்கள் உடைந்து கிடக்குமே, அவற்றில் நான்கைக் கேட்டு வாங்கிக் கால் நிறுத்துங்கள். கரையான் அரிக்காது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் மூங்கில் பட்டைகளை விரலிடை விட்டுப் பரப்பினால் எச்சம் கீழே விழும். அது அவரைப் பந்தலுக்கு உரம். உள்ளே அமர்ந்துறங்க இரண்டங்குலத் தடிமனில் ஒரு கம்பு. கூரைக்குக் கரும்புத் தோகை. அறுகோணக் கண் கோழிவலை மலிவுதான், கீரியின் பல்லுக்கு அது நில்லாது. அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ் வாங்குங்கள். அதுவும் இரண்டு கீல், ஒரு தாழ்ப்பாளும்தான் கடைச் செலவு.

உள்ளே ஒரு சிறு தடுப்பும் வையுங்கள். அசுத்தம் தின்ற கோழியை மூன்று நாள் அடைத்து, நல்ல தீனி கொடுத்தபின் உண்பது இப்னு உமர் (ரலி) அவர்களின் வழக்கம் என்று அறிவிப்பு உண்டு.

கூடு எத்துணைச் சிறப்பாயினும் வெள்ளைக் கழிச்சல் வந்தால் ஒன்றும் மிஞ்சாது. குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் இறக்கையில் ஊசியும் கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள். வந்தபின் மருந்தில்லை.

அண்டை வீட்டாரின் சுவரை ஒட்டிக் கட்டாதீர்கள். சேவல் கூவக் கேட்டால் அல்லாஹ்வின் அருளை வேண்டுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள்; ஆனால் எச்சத்தின் நாற்றத்தை அண்டை வீட்டார் ஏன் சகிக்க வேண்டும்? வெளியூர் செல்லும் நாளில் கூட்டைத் திறந்துவிடும்படி அவர்களிடமே சொல்லிச் செல்லுங்கள். திரும்பியதும் நான்கு முட்டை கொடுத்தனுப்புங்கள்.